பெர்னியின் ஒன்பது சென்டிமீட்டர்

பெர்னி ரோவெட்டைப் பற்றி எங்கள் டன்னர் விரிகுடாவில் யாரிடம் கேட்டாலும் முதலில் அவளுடைய வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். இருபது வருடம் தென் ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களுக்கு அறுவடை இயந்திரங்களை லாரியில் ஏற்றிப் போனவள். என்ஜின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. அவள் வீட்டில் உப்புக் கேட்டால் என் பட்டறையில் எனக்குக் கேட்கும். நான் பக்கத்து வீட்டு லையல், படகு மோட்டார் பழுது பார்ப்பவன். எனக்கு யாரையும் சுலபத்தில் மெச்சத் தோன்றாது. ஆனால் அந்த வருடம் பெர்னி செய்ததைப் பார்த்து வாயடைத்து நின்றேன்.

அவள் கணவன் டெஸ்ஸுக்கு நரம்பைத் தின்னும் நோய். முதலில் கால்கள் போயின. அடுத்தது கைகள் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். டெஸ் கேட்டது ஒன்றுதான். கை முழுக்க விழுவதற்குள் ஒரு தரம் கடலில் கிழங்கான் மீன் பிடிக்க வேண்டும். அதுவும் யாரும் அவனைத் தூக்கிப் படகில் வைக்காமல், தானே ஏறிப் போய்.

"நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?" என்பான்.

அமெரிக்காவில் அப்படி ஒரு படகு விலைக்கு வந்தது. முன்பக்கம் கதவுபோல் கீழே மடங்கும். சக்கர நாற்காலியை அப்படியே உருட்டிக்கொண்டு ஏறலாம். அதற்கென்றே தரையோடு தாழ்த்திச் செய்த டிரெய்லரும் கூட வந்தது. தப்பு நடந்தது அந்த டிரெய்லரில்தான்.

எங்கள் ஊரில் படகை அடியில் அளப்போம், சாலையை மீட்டரில் அளப்போம். டிரெய்லரோ படகுக்கும் சாலைக்கும் நடுவில் நிற்கிற சாமான். விற்றவன் போனில், "அகலம் எட்டடி ஆறங்குலம்" என்றான். டெஸ், "எட்டடின்னா ரெண்டரை மீட்டர், சரியாத்தான் இருக்கு" என்றான். மதுக்கடையில் இருந்த நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். அந்த ஆறங்குலம் எங்கே போகும் என்று ஒருத்தன் கேட்கவில்லை.

டிரெய்லர் வந்து இறங்கியதும் பதிவு செய்ய ஆய்வாளர் ஷிர்மர் வந்தார். டேப்பைப் பிடித்தார், முகம் சுருங்கியது.

"அகலம் ரெண்டு அம்பத்தொம்போது, பெர்னி. ரெண்டரைக்கு மேல கூடாது. பின்னாடி இண்டிகேட்டர் செவப்பா எரியுது, நமக்கு மஞ்சள் வேணும். பிரேக்கு ஒரே அச்சுலதான் இருக்கு, இந்த எடைக்கு எல்லாச் சக்கரத்துலயும் வேணும்."

"விளக்க மாத்திடுவேன், பிரேக்கப் போட்டுடுவேன். இந்த ஒம்போது சென்டிமீட்டர என்ன பண்ணச் சொல்ற தம்பி, பட்டினி போட்டு எளைக்க வைக்கவா?"

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கையெழுத்துப் போட முடியாது" என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்கு எனக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது.

"படகு எறக்குற சரிவு கூப்பிடு தூரம். பதிவும் வேணாம் ஒண்ணும் வேணாம், இழுத்துட்டுப் போ. எவன் பாக்கப் போறான்?" என்றேன்.

பெர்னி திரும்பிப் பார்த்தாள். "லையல், லாரியில அகலம் கொஞ்சம் மிஞ்சினா என்ன ஆவும்னு நான் கண்ணால பாத்தவ. எதிர் காரு ஜன்னல்ல கைய வெச்சிட்டு வந்தவனுக்கு அப்புறம் அந்தக் கை இல்ல. டெஸ் கைக்காக இன்னொருத்தன் கைய எடுக்கச் சொல்றியா?"

நான் குனிந்து சக்கரங்களைப் பார்த்தேன்.

படகின் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருந்த அவற்றை அதன் வயிற்றுக்கு அடியில் தள்ளினால் அகலம் குறையும். ஆனால் அவ்வளவு பெரிய சக்கரங்கள் அடியில் நுழைய வேண்டுமென்றால் படகை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் கதவு தரைக்கு எட்டாது, நாற்காலி ஏறாது. பெர்னி வாரக்கணக்கில் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இதற்குள் டெஸ்ஸால் தேநீர்க் கோப்பையைத் தனியாகத் தூக்க முடியாமல் போயிற்று. ஒருநாள் அவனே சொன்னான்.

"ஒசத்திடு, கெழவி. நாலு பேரு தூக்கி வெச்சா என்ன இப்போ."

"வாய மூடு, மூட்ட" என்றாள். சொல்லிவிட்டு என் பட்டறைக்கு வந்து ஒரு மூலையில் நின்று அழுதாள். பெர்னி அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் போய்ப் படுத்தாள். திடீரென்று அடியிலிருந்து சிரிப்பு வந்தது.

"என் லாரி எப்படி இருந்துச்சு, லையல்? அவ்ளோ பெரிய மெஷினு, தரையோட தரையா போகும். சக்கரம் எல்லாம் குட்டிக் குட்டி. ஆனா எத்தன!"

நாலு பெரிய சக்கரங்களை எடுத்துவிட்டு ஆறு சின்னச் சக்கரங்கள். தனித்தனியாகச் சுமக்கிற எடை குறைவு, சேர்ந்தால் போதும். படகை உயர்த்தாமலே அடியில் நுழைந்துவிடும். கேட்டபோது இவ்வளவுதானா என்றிருந்தது. ஆனால் அந்த அறுபது வயதுப் பெண்பிள்ளை பழைய அச்சுகளை நெருப்புப் பறக்க அறுத்துக் கீழே தள்ளியதும், டிரெய்லரின் வெறும் சட்டம் முட்டுக்கட்டைகள் மேல் நின்றதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு அங்குலம் தவறினால் எல்லாம் குப்பைதான். அவளோ பழைய பாட்டை முனகிக்கொண்டு மூன்றாவது அச்சைப் பொருத்தினாள். என் தொழிலில் இப்படி ஒரு துணிச்சலை நான் கண்டதில்லை.

ஷிர்மர் மறுபடி வந்தார். விளக்கைப் பார்த்தார், ஆறு சக்கரத்திலும் பிரேக்கைச் சோதித்தார், கடைசியாக டேப்பை நீட்டினார்.

"ரெண்டு நாப்பத்தொம்போது. ஒரு சென்டிமீட்டர் மிச்சமே இருக்கு."

"நீயே வெச்சுக்க" என்றாள் பெர்னி.

ஆனால் நோய் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நாங்கள் சரிவில் படகுக் கதவைத் திறந்த காலையில் டெஸ்ஸின் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. நாற்காலியைத் தாடையால் தள்ளும் குமிழால்தான் ஓட்டினான். யாரையும் தொடவிடாமல், மெதுவாக, நேராக உள்ளே ஏறினான்.

கிழங்கான் மேயும் கடலடிப் புல்திட்டுக்கு மேல் நங்கூரம் போட்டோம். பெர்னி தூண்டிலை இறக்கிவிட்டு, நூலை அவன் விரல்களில் சுற்றப் பார்த்தாள். விரல்கள் பிடிக்கவில்லை.

"பல்லுல குடு" என்றான் டெஸ்.

நூலைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினான். கிழங்கான் லேசாகத்தான் கொத்தும். அவன் புருவம் ஏறியது. தலையை வெடுக்கென்று பின்னால் சாய்த்தான். நூல் விறைத்தது. மாட்டிவிட்டது என்று தெரிந்ததும் அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாய் திறந்துகொண்டது, நூல் நழுவியது, மீன் தப்பித்துப் போயிற்று.

"மீனப் புடின்னா சிரிக்கிறியா, பாவி" என்றாள் பெர்னி. அவள் கன்னம் நனைந்திருந்தது.

டெஸ் நூலுக்காக மறுபடியும் வாயைத் திறந்தான்.