ஃபேட் வேண்டாத இடம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதன்பிறகு காணிப்பாக்கம் பக்கத்தில் பாறையைக் குடைந்து போர் போட்டேன். ஒரு சென்ட் நிலமில்லாத வீட்டில் பிறந்தவன் நாற்பது மாடு கட்டினேன். பால் சென்டர், இரண்டு வேன், மாடி வீடு, எல்லாம் என் கையால். வெண்ணெய் பிரிக்கும் மெஷின் வாங்கியபோது ஊரே சிரித்தது. அந்த மெஷின்தான் ஒரு பெண்ணை நடக்கவைத்தது.

என் வேன் டிரைவரின் மனைவிக்குத் திடீரென்று இரண்டு காலும் விளங்காமல் போய், திருப்பதியில் சேர்த்தோம். அவள் ரத்தத்திலிருக்கும் மஞ்சள் தண்ணீரை, அதாவது பிளாஸ்மாவை, எடுத்துவிட்டு வேறு ஆளுடையதை ஏற்ற வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள், பை பையாக என்றார் டாக்டர். அங்கே இருப்பு போதவில்லை.

நானே கையை நீட்டினேன். வயது ஐம்பத்தெட்டு என்றேன். நர்ஸ் ஆதார் கார்டைப் பார்த்தாள். "தாதா, மீக்கு வத்து" என்று தெலுங்கில் சிரித்தாள். தாத்தா, உங்களுக்கு வேண்டாம் என்கிறாள்; வயது அறுபதைத் தாண்டிவிட்டதாம். சரியென்று, மறுநாள் காலை பால் ஊற்ற வந்தவர்களை நிறுத்தி, பிளாஸ்மா கொடுக்கக் கூப்பிட்டேன்.

"ரத்தத்த உறிஞ்சிக்கினு உட்டுட்டா நாங்க இன்னா பண்றது?" என்றாள் ஒருத்தி.

மெஷினைக் காட்டினேன். "பால் உள்ள போவுது, சுத்துது, வெண்ணெ தனியா வருது. அங்கயும் அதான். மஞ்சத் தண்ணிய மட்டும் எடுத்துக்கினு செவப்ப உனக்கே ஏத்திடுவாங்க. எடுத்தது ரெண்டு நாள்ல ஊறிடும்."

"அப்ப மிச்சம் வெண்ணெ எடுத்த பாலா நைனா? என் ஊட்டுக்காரரு இப்பவே அப்டிதான் கீறாரு!"

சிரித்தபடியே ஒன்பது பேர் வேன் ஏறினார்கள். தெம்பாக இருக்கட்டுமென்று வழியில் நெய் சொட்டும் பொங்கலும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன். முதல் ஆளின் பை பால்போல வெள்ளையாக நிறைந்தது. தின்ற பொங்கலின் கொழுப்பு, ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். அவனோ எழுந்து உட்கார்ந்து, "ஃபேட் எவ்ளோ வந்துச்சி?" என்று பெருமையாகக் கேட்டான். எங்கள் தொழிலில் ஃபேட் ஏறினால்தானே மரியாதை! மற்ற எட்டுப் பேரையும் நாளை வரச் சொன்னார்கள். அவளுக்கு ஏற்ற வேண்டியதும் நாளைதான்.

மறுநாள் இட்லியும் தண்ணீரும் மட்டும். முன் சீட்டில் நானே உட்கார்ந்து, ஒரு கடை முன்னாலும் வேனை நிறுத்தவிடவில்லை. எட்டுப் பையும் நல்ல மஞ்சள். அன்றிலிருந்து மாதாமாதம் எங்கள் வேன் ஆட்களோடு திருப்பதி போய்வருகிறது.

போன வாரம் அவள் தன் காலால் நடந்து சென்டருக்கு வந்து, அந்த எட்டுப் பேருக்கும் லட்டு கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தவர்கள் பலகையிலும் அவர்கள் பெயர்தான். என் பெயர் எங்கே என்றால், "நீ குடுக்கலியே நைனா" என்கிறார்கள். கொடுக்க விட்டால்தானே! மெஷினைக் காட்டிப் புரியவைத்தது யார்? போண்டாக் கடையைத் தாண்டவைத்தது யார்? பலகையில் ஒன்பதாவது வரி காலியாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்காரர்களே, அதில் என் பெயரை எழுதுங்கள். எழுத்து பெரியதாக இருக்கட்டும்.