மஞ்சள் நோட்டீஸும் என் வயிற்றெரிச்சலும்

போன வாரம் விழுப்புரம் கோர்ட்டில் ஒரு கேஸ் என் சாட்சியால் ஜெயித்தது. பாராட்டுவதற்கு முன் கதையைக் கேளுங்கள்...

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி — வேர்க்கடலை வியாபாரம் — வைத்திருந்த ஏகாம்பரம் என் சிநேகிதன். இருபது வருஷப் பழக்கம். வியாபாரம் நொடித்து, இன்சால்வென்ட் மனு போட்டுவிட்டான். கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் மஞ்சள் நோட்டீஸ் வந்தது. எனக்கும்தான். போகட்டும் பாவம் என்று மடித்து பீரோவில் வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் வரதன் வந்தான். அவனும் ஏகாம்பரத்துக்குக் கடன் கொடுத்தவன். பழகி மூன்றே வருஷம்!

"இன்னாப்பா, உனக்கும் நோட்டீஸா? எனக்கு அந்தப் பேஜாரே இல்ல. மனு போடறதுக்கு மின்னாடியே கிளியனூரு நெலத்த எம்பேர்ல கிரயம் பண்ணிக் குடுத்துட்டாரு" என்று பல்லைக் காட்டினான்.

என் வயிறு எரிந்தது பாருங்கள்! பணத்துக்காகவா? சத்தியமாக இல்லை. அவனுக்கு நிலம், எனக்குக் காகிதமா? நேற்று வந்தவன் உசத்தி, நான் இளப்பமா? சோறு இறங்கவில்லை. வரதன் சைக்கிளில் போனால்கூட, கிளியனூருக்குத்தான் போகிறான் என்று தோன்றும்.

நேரே ரிசீவரிடம் போனேன் — திவாலானவனின் சொத்தைப் பங்கிட கோர்ட் நியமிக்கிற அதிகாரி. விஷயத்தைப் போட்டு உடைத்தேன். மனு போடப்போகிற சமயத்தில் ஒருவனுக்கு மட்டும் சொத்தைத் தள்ளிவிடுவது செல்லாதாமே! கிரயத்தை ரத்து செய்யச் சொல்லி ரிசீவர் வழக்குப் போட்டார். நான்தான் முதல் சாட்சி.

"பொறாமையில்தானே சொல்கிறீர்?" என்று மடக்கினார் வரதனின் வக்கீல்.

"உண்மையைச் சொல்கிறேன்" என்றேன். இரண்டும் சரிதான்.

போன வாரம் தீர்ப்பு. கிரயம் ரத்து! வெளியே வந்தால், கோர்ட் வாசலில் ஏகாம்பரம். கேட்டே விட்டேன் — "வரதனுக்கு மட்டும் ஏம்பா?"

"அந்தாளு ஊட்டு வாசல்ல நின்னுக்கினு கத்துவாரு. பொண்ணப் பாக்க வர்றவங்க எதிர்ல மானம் போயிடுமேன்னு பயந்து எழுதிக் குடுத்தேன். உங்கிட்ட எனக்கு இன்னாப்பா பயம்? ஊரே என்ன வுட்டாலும் நீ வுட மாட்டன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவன் திண்டிவனம் பஸ்ஸில் ஏறிவிட்டான். பக்கத்தில் இடமிருந்தும் என்னைக் கூப்பிடவில்லை.

நிலம் இனி கடன் கொடுத்த அத்தனை பேருக்கும் பொது. எனக்கென்று மட்டும் அவன் வைத்திருந்த ஒன்றை... நானே கூண்டேறித் தொலைத்துவிட்டு வந்தேன்!