ஜப்பான் முறையில் ஒரு மாப்பிள்ளை

என் முதலாளி தன் சொந்த மகனை ஓரங்கட்டிவிட்டு, என்னை மாப்பிள்ளையாக்கி, குவைத்தின் ஃபஹாஹீலில் இருந்த ஜவுளிக்கடையையும் என் கையில் கொடுக்கப் போகிறார் என்று மனதார நம்பினேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. புத்திக்கு அதைவிடக் குறைந்த வயது.

நம்பவைத்தவர் ஒரு ஜப்பான்காரர். எண்ணெய் ஆலை என்ஜினீயர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பருத்தித் துணி எடுப்பார், பேரமே பேசமாட்டார். பேரம் பேசாத கஸ்டமரைப் பார்த்தால் எனக்குக் கள்ளநோட்டைப் பார்த்த மாதிரி இருக்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன். அவருடைய முன்னோர் ஒசாகாவில் துணி வியாபாரிகளாம். மன்னர் காலத்திலேயே அங்கே சில பெரிய கடைகள் ரொக்கம், ஒரே விலை என்று ஊரைப் பழக்கிவிட்டனவாம்.

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். வேலைக்கு வந்தவர்கள் கடையிலேயே சாப்பிட்டு, கடையிலேயே படுத்து, வருஷக்கணக்கில் ஊர்ப்பக்கம் போகாமல் கிடப்பார்களாம். அட, நம்ம கதை என்று நினைத்துக்கொண்டேன். முதலாளியின் மகன் உருப்படாதவன் என்றால் அவன் சாப்பாட்டுக்கு வழிசெய்து உட்கார்த்திவைத்துவிட்டு, கெட்டிக்காரப் பணியாளுக்கு மகளைக் கட்டிக்கொடுத்து, குடும்பப் பெயரையும் சூட்டி, கடையை ஒப்படைப்பார்களாம். மகனைப் பொறுக்கி எடுக்க முடியாது, மருமகனை எடுக்கலாமே என்று சிரித்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். முதலாளி மகன் கல்லாவில் உட்கார்ந்து மொபைலில் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். முதலாளிக்கு ஊரில் கல்யாண வயதில் ஒரு மகளும் உண்டு. சால்மியாவில் எங்கள் இன்னொரு கடையைப் பார்த்துக்கொண்டவர் லீவில் ஊர் போயிருந்தார், அவர் வேலையும் என் தலையில்தான். மிச்சமிருக்கும் கெட்டிக்காரன் யார்? நான்தான். மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய் இருக்கும் வழக்கமுள்ள கடற்கரை ஊர்க்காரன் நான். ஜப்பான் விஷயம் எனக்குக் கொஞ்சமும் அந்நியமாகப் படவில்லை.

சந்தோஷப்படவேண்டியவன் ஏன் பயந்தேன்? ஊரில் மாமா மகளோடு எனக்கு நிச்சயமாகியிருந்தது. பெருநாள் கழித்து நிக்காஹ். காரணம் சொல்ல வெட்கப்பட்டு, சும்மா லீவு மட்டும் கேட்டிருந்தேன். முதலாளி "பாக்கலாம்" என்றதோடு சரி. பாஸ்போர்ட்டோ அவர் அலமாரியில்.

மறுவாரம் முதலாளி, கடை டெய்லரான மன்னார்குடிக்காரரைக் கூப்பிட்டார்.

"இந்தத் தம்பிய வச்சு ஒரு கோட்டுக்கு அளவு எடும்."

"என்ன கோட்டு மொதலாளி?"

"கல்யாணக் கோட்டுய்யா. நல்ல துணியாப் போடும்."

டெய்லர் என் நெஞ்சில் டேப்பைச் சுற்றினார். "என்ன மாப்ளே, இந்த அடி அடிக்குது? டேப்பே நிக்கமாட்டேங்குது."

அன்றிலிருந்து மட்டமான வேலைக்காரனாகிவிடுவது என்று தீர்மானித்தேன். துணியைக் கோணலாக வெட்டினேன். நீலம் கேட்டவருக்குப் பச்சையை எடுத்துப் போட்டேன். கஸ்டமர் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டேன். முதலாளி மகன் மட்டும் பூரித்துப்போய், "இப்பத்தான் காக்கா நீங்க நம்மாளு" என்று அண்ணன் முறை வைத்துத் தோளில் தட்டினான். முதலாளி கோபப்படவே இல்லை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"ஒடம்புக்கு முடியலையா தம்பி? நேரத்துக்குச் சாப்பிடு. எளச்சிட்டீன்னா அளவு மாறிப்போவும்."

அதற்குமேல் தாங்கவில்லை. "மொதலாளி, எனக்கு மாமா பொண்ணோட நிச்சயம் ஆயிருச்சு!" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"தெரியும்லப்பா. ஒங்க மாமா போன்ல சொன்னாரு. அதான் ஒனக்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கேன்."

"அப்ப அந்தக் கோட்டு?"

"அது சால்மியாக் கடைத் தம்பிக்கு. என் மவளுக்கு அவரத்தான் பேசி முடிச்சிருக்கு. ஆளு ஊர்ல கெடக்காரு, ஒனக்கும் அவருக்கும் ஒரே ஒடம்பு. நீ போறப்ப கொண்டுபோய்க் குடுத்துரு."

டெய்லர் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே சிரித்தார்.

கோட்டை நான்தான் கொண்டுபோனேன். அவர் நிக்காஹ், என் நிக்காஹ் இரண்டும் அந்த லீவிலேயே நடந்தன. சில வருஷத்தில் இரண்டு கடைகளும் மருமகன் கைக்குப் போயின. மகனுக்கு மாதாமாதம் வீட்டுச் செலவுக்குப் பணம் போனது. நான் குவைத்தை விட்டு வரும்வரை அந்த ஃபஹாஹீல் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன்.