யாரும் அமுக்காத பட்டன்

எனக்கு இப்ப எண்பது வயசு ஆகுது. பெத்து வளர்த்தது அஞ்சு. பெறாம வளர்த்ததுக்குக் கணக்கு கிடையாது. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒண்ணுல, பிள்ளைக்காம்பராவில நான் ஆயம்மாவா இருந்தேன். தாய்மாருங்க கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுட்டுப் போற இடம் அது. இன்னைக்கும் நான் பஸ்ஸில ஏறினா மீசை வச்ச ஆம்பளைகூட எழும்பி இடம் குடுப்பான். மரியாதை பாதி, பயம் பாதி. அவன் தொட்டில்ல செஞ்ச வேலையையெல்லாம் நாலு பேர் முன்னால எடுத்து விட்டுடுவேனோன்னு பயம்.

எழுத்து எனக்கு ஒண்ணொண்ணாக் கூட்டித்தான் வரும். மூணாம் வகுப்போட பள்ளிக்கூடம் சரி. அதனால மெதுவாத்தான் எழுதுறேன். நீங்களும் மெதுவாவே வாசிங்க, மழை விட்டாத்தானே எங்கயும் போகலாம்.

கொத்மலையில அணை கட்டித் தண்ணி தேக்கின காலம் அது. ஒரு புதன்கிழமை காலையில தோட்டத்து ஜீப்பில பெரிய கிளாக்கரும் ஒரு இளம் பொண்ணும் வந்து இறங்கினாங்க. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கண்டிப் பக்கம் தங்கிப் பெரிய படிப்பு படிக்குது. நாங்க மிஸ்ஸுன்னு கூப்பிட்டோம். மிஸ் கையில பிஸ்கட் டின் அளவுக்கு ஒரு பெட்டி. முன்னால கண்ணாடி, கண்ணாடிக்குள்ள நெருப்புத் தணல் மாதிரி சிவப்பா ரெண்டு பூச்சியம். கீழ ரெண்டு பட்டன். ஒண்ணுக்குப் பக்கத்துல ‘வருகிறேன்’னு எழுதியிருந்துச்சு, மத்ததுக்குப் பக்கத்துல ‘போகிறேன்’.

“பிள்ளையைக் கொண்டுவந்து விடேக்கை இதை அமத்துங்கோ, எண் ஒண்டு கூடும். கூட்டிக்கொண்டு போகேக்கை மற்றதை அமத்துங்கோ, ஒண்டு குறையும். அப்ப உள்ளுக்கு எத்தினை பிள்ளையள் இருக்கினம் எண்டு பெட்டியே சொல்லும்” என்றாள் மிஸ். பால் கரைக்கிறதுக்கு அது உதவியாம். அந்தியில எல்லாப் பிள்ளையும் வீடு போயிருச்சான்னும் தெரியுமாம். படிக்காத சனங்க ஒரு மிசினை எப்படிப் பாவிக்கிறாங்கன்னு பாக்கிறதுதான் அவளோட படிப்பாம். இப்படியும் ஒரு படிப்பான்னு எங்களுக்குச் சிரிப்பு.

கிளாக்கர் சிரிக்கல. “பெட்டி வந்தா அதைப் பாத்துக்க எழுத்துத் தெரிஞ்ச ஆள் வேணும். இது ஒழுங்கா நடக்கலேன்னா ஆயம்மா மலைக்குப் போகட்டும். எட்டாவது படிச்ச பொண்ணு ஒண்ணைப் போட்டுக்குவோம்” என்றார், என் காதுல விழணும்னே.

மலையில தண்ணி ஓடுற கான்ல விழுந்து முழங்கால் பிசகினதாலதான் எனக்கு இந்த வேலையே கிடைச்சது. அந்தக் காலோட கூடையைத் தூக்கிக்கிட்டு மறுபடி மலை ஏறுறதா? அதைவிட, எல்லாரும் ‘ஆயம்மா’ன்னு கூப்பிட்ட வாயால ‘ஏய் நொண்டி, கொழுந்து நெரை பிடி’ன்னு கங்காணி சொல்றதைக் கேக்குறதா? மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன், இந்தப் பெட்டியை ஒழுங்கா நடத்திக் காட்டுறதுன்னு. முதல் வேலையா அதுக்குச் சந்தனம் குங்குமம் வச்சேன். மாதா கோயிலுக்குப் போற தாய் ஒருத்தி சிலுவை போட்டா. மிஸ் பாவம், கண்ணாடியில குங்குமம் படாம கையால மறைச்சுக்கிட்டே நின்னா.

காலையில எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. தாய்மாருங்க வந்தாங்க, ‘வருகிறேன்’ பட்டனை அமுக்கினாங்க, எண் ஏறுச்சு. மிஸ்ஸுக்கு முகமெல்லாம் சந்தோசம். வெள்ளிக்கிழமை தோட்டத்துத் தொரையோட வந்து பாக்கிறேன்னு சொல்லிட்டு அதே ஜீப்பில ஏறிட்டா.

பகல் சாப்பாட்டுக்குத் தாய்மாருங்க பிள்ளைகளை லயத்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக வந்தாங்க. புதுசாக் கல்யாணமாகி வந்த ஒரு மருமகள், எழுத்துத் தெரிஞ்சவ, இடுப்புல பிள்ளையோட ரெண்டாவது பட்டன்கிட்ட விரலைக் கொண்டுபோனா. பின்னால நின்ன அவ மாமியார் பட்டுன்னு கையில ஒண்ணு போட்டா.

“என்னடி எழுதியிருக்கு அதுல?”

“போகிறேன்னு மாமி.”

“அடி பாவி! பச்சைப் பிள்ளையை இடுப்புல வச்சிக்கிட்டுப் போறேன்னா சொல்லுவ? வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?”

நியாயம்தானே. வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாராவது ‘போறேன்’னு சொல்லுவாங்களா? ‘வாறேன்’னுதான் சொல்லணும். நானும் மாமியார் பக்கம்தான். “வாறேன் ஆயம்மா”ன்னு வாயால சொன்னாங்க, விரலும் வாய்க்குப் பின்னாலயே போச்சு. எல்லாரும் ‘வருகிறேன்’ பட்டனைத்தான் அமுக்கினாங்க. திரும்பி வந்தப்பவும் அதையே. அந்தியில வீட்டுக்குக் கிளம்பினப்பவும் அதையே.

எண் ஏறிக்கிட்டே போச்சு. எண் வாசிக்க எனக்கு நல்லாத் தெரியும். இது என்னடா, இருக்கிற பிள்ளைகளைவிடக் கூடுதலாக் காட்டுதேன்னு பாத்தேன். படிச்ச பிள்ளை செஞ்ச பெட்டி, வேற ஏதாவது சேத்து எண்ணும்னு விட்டுட்டேன். வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துல பேச்சு வேற மாதிரி கிளம்பிருச்சு. வயித்துல இருக்கிறதையும் அந்தப் பெட்டி எண்ணுதாம். முழுகாம இருந்த ஒருத்தி, புருஷன் வீட்டுல இன்னும் சொல்லாதவ, கம்பளியை வயித்துல சுத்திக்கிட்டுப் பெட்டியைத் தாண்டிக் குனிஞ்சு ஓடுவா.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. பெட்டியில ரெண்டு எண்ணுக்குத்தான் இடம். தொரை வர்றதுக்குக் கொஞ்ச நேரம் முந்தி தொண்ணூத்தொம்பது காட்டிக்கிட்டிருந்துச்சு. கடைசியா வந்த தாய் ஒருத்தி ஆசையா ஒரு அமுக்கு அமுக்கினா. டக்குன்னு ரெண்டும் பூச்சியமாயிருச்சு. அந்த நேரம் பாத்து தொரை, கிளாக்கர், மிஸ் மூணு பேரும் உள்ள வர்றாங்க. தொட்டில்ல இருக்கிறது, தரையில உருள்றது, என் சேலையைப் பிடிச்சு இழுக்கிறது, எல்லாம் ஒரே சமயத்துல அழுகை.

தொரை பெட்டியைப் பாத்தார், பிள்ளைகளைப் பாத்தார். சிங்களவர், ஆனா தமிழ் நல்லாப் பேசுவார். “ஆயம்மா, பெட்டி புள்ள இல்லன்னு சொல்லுது. அப்ப யார் இது, பேயா?”

“பேயா இருந்தாப் பால் குடிக்காதுங்க தொரை. இதுக ரெண்டு வாளி குடிக்கும்” என்றேன்.

தொரை சிரிச்சார். கிளாக்கர், “எழுத்துத் தெரியாத ஆளை வச்சா இப்படித்தான் சேர். திங்கக்கிழமை அந்தப் பொண்ணை வரச் சொல்லட்டுமா?” என்றார். தொரை சரின்னு தலையை ஆட்டிட்டு, மிஸ்ஸை அந்தியில வந்து ஏத்திக்கிறதாச் சொல்லிப் போயிட்டார். என் முழங்கால் அப்பவே வலிக்க ஆரம்பிச்சிருச்சு.

மிஸ் அன்னைக்கு முழுக்க விறாந்தையில குந்தியிருந்தா. அட்டை கடிச்சு ரத்தம் வழியிறதுகூடத் தெரியல. நான்தான் சுண்ணாம்பு தடவி விட்டேன். “போகேக்கை நீங்கள் பட்டனை அமத்தினீங்களோ?”ன்னு தாய்மாரை ஒவ்வொருத்தராக் கேட்டா. “அமுக்கினோமே மிஸ்”னு எல்லாரும் சத்தியம் பண்ணினாங்க. பொய்யில்லையே. எந்தப் பட்டன்னு அவ கேக்கல, நாங்களும் சொல்லல. தெரிஞ்ச விசயத்தை யார் சொல்லிக்கிட்டிருப்பாங்க?

அந்தியில ஜீப் ஹோர்ன் கேட்டுச்சு. மிஸ் எழும்பிச் சட்டையைத் தட்டிக்கிட்டு, “அம்மா, நான் போட்டு வாறன்” என்றா, அவங்க பேச்சுல போயிட்டு வாறேன்னு.

பிள்ளையைத் தூக்க வந்த அந்த மாமியார் சும்மா இருப்பாளா? “என்ன மிஸ், எங்களை மட்டும் அமுக்கச் சொல்றீங்க, நீங்க அமுக்காமக் கிளம்புறீங்க?”

மிஸ் சிரிச்சுக்கிட்டே பெட்டிகிட்டப் போனா. “நான் போட்டு வாறன்” என்று மறுபடி சொல்லிக்கிட்டே விரலை நீட்டினா. விரல் ‘வருகிறேன்’ மேல போய் நின்னுச்சு. என்னைத் திரும்பிப் பாத்தா. மாமியாரைப் பாத்தா. “ஐயோ அம்மா”ன்னு பால்மா டின் மேலயே உக்காந்து சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. எங்களுக்கு ஒண்ணும் புரியல. அவ சொல்லித்தான் புரிஞ்சுச்சு. அப்புறம் நாங்க சிரிச்சது மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்னைக்கு ஜீப் வெறுமனே திரும்பிப் போச்சு. மிஸ் என் லயத்துக் காம்பராவிலயே தங்கி, ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டா. பெட்டியில இருந்த எழுத்தையெல்லாம் சுரண்டிட்டு, ஒரு பட்டனுக்குத் தொட்டில்ல இருக்கிற பிள்ளை, மத்ததுக்கு இடுப்புல இருக்கிற பிள்ளைன்னு படம் வரைஞ்சா. சனிக்கிழமை காலையில முதல்ல வந்தவ இடுப்பை அமுக்கினா.

“வரேக்கை தொட்டில் எல்லோ?” என்றாள் மிஸ்.

“இப்ப இடுப்புலதானே மிஸ் இருக்கான்?”

மறுபடியும் சுரண்டல், மறுபடியும் பூச்சியத்துல தொடக்கம். கடைசியில, உள்ள வந்தாத் தொட்டில் படம், கிளம்பினா லயத்துப் படம். லயத்துக்குப் புகைபோக்கி வைக்கணுமா வேணாமான்னு ஒரு சண்டை நடந்து, அதுவும் வச்சாச்சு. அதுக்கப்புறம் ஒருத்தியும் மாத்தி அமுக்கல. வீட்டுக்குத்தானே போறாங்க, அதுல என்ன குத்தம்?

திங்கக்கிழமை தொரை வந்தார். தொட்டில் தொட்டிலா எட்டிப் பாத்து எண்ணினார், பெட்டியைப் பாத்தார். ரெண்டும் ஒண்ணு. கிளாக்கர் கையோட அந்த எட்டாவது படிச்ச பொண்ணையும் கூட்டி வந்திருந்தார். தொரை பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, “இதுல ஒரு எழுத்தும் இல்லையே கிளாக்கர். படிச்ச ஆள் எதை வாசிக்க?” என்றார். கிளாக்கர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டி ரொம்ப நேரம் துடைச்சார். அந்தப் பொண்ணு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கப் போச்சு, அது அவளுக்கும் நல்லதுதான். பென்சன் வாங்கிற வரைக்கும் நான்தான் ஆயம்மா.

பெட்டி ரொம்ப நாள் இருக்கல. ஒரு பய அதுக்குள்ள ரொட்டியைத் திணிச்சுட்டான். இப்ப பஸ்ஸில எனக்கு இடம் குடுக்கிறவன்கள்ல அவனும் ஒருத்தன். மிஸ் அதுக்கப்புறம் வரவே இல்லை. ஆனா ‘வாறன்’னுதானே சொல்லிட்டுப் போனா, இன்னமும் வரலாம்.

என் பேத்தி இப்ப கொழும்புல இருக்கா, போனுக்குள்ள வர்ற படமும் பட்டனும் செய்யிற வேலை. இந்த லீவுக்கு வந்தவ எனக்கு ஒரு போன் வாங்கித் தந்திருக்கா. அதுல ஒரு இடத்துல ‘வெளியேறு’ன்னு போட்டிருக்கு. வீட்டுக்கு வந்த ஆளை அப்படியா சொல்லுவாங்க? நான் அதை அமுக்கிறதே இல்லை. யார் எழுதினான்னு கேட்டேன், தன் போனால முகத்தை மறைச்சுக்கிட்டுச் சிரிக்கிறா.

சரி தாயி, அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வை. இங்க வந்து உக்காந்து, நான் எழுதினதை முதல்லருந்து சத்தமா வாசி பாப்போம். எழுத்துப் பிழை இருந்தா இருக்கட்டும். ‘போறேன்’னு நான் கிளம்பிற மாதிரி எங்கயாவது எழுதியிருந்தா மட்டும் சொல்லு, சுரண்டிடலாம்.