தனசேகர் காருக்கு நான் ஒட்டிய தகடு

கார் ஃபேக்டரியில் முதல் ஷிஃப்ட் முடிந்து பென்னலூரில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால், தனசேகர் புதுக் காரோடு நிற்கிறான்.

என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். போன வாரம் வரை பஸ்ஸில் என் பக்கத்து சீட்.

கையில் நான்கு ஸ்டீல் தகடுகள். கதவைத் திறந்து கால் வைத்து ஏறும் இடத்தில் கீறல் விழாமல் இருக்க ஒட்டுவது. ஆன்லைனில் வாங்கியிருக்கிறான்.

"மச்சான், லைன்ல உனக்கு இதானே வேல. நீயே ஒட்டிக் குடுத்துடு."

தினமும் எத்தனையோ கார்களுக்கு ஒட்டுகிறேன். ஒன்றைப் பார்த்தும் வயிறு எரிந்ததில்லை. அதையெல்லாம் யார் வாங்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அதனால்தான்.

துடைத்தேன். டேப்பை உரித்தேன். கொஞ்சம் கோணலாக ஒட்டிவிடலாமா என்று தோன்றியது உண்மை. கை கேட்கவில்லை. நான்கும் நூல் பிடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டன.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்க தோஷத்தில், பையிலிருந்த மஞ்சள் மார்க்கரை எடுத்து நான்கின் ஓரத்திலும் டிக் போட்டுவிட்டேன். சரிபார்த்தாயிற்று என்பதற்கு லைனில் அதுதான் அடையாளம்.

"இன்னாடா பண்ணே?"

"கை தானா போட்டுடுச்சு. இரு, தொடச்சிடறேன்."

"வேணாம், இருக்கட்டும். இப்பதான் ஷோரூம் வண்டி மாதிரி கீது."

ஒரகடம் பக்கம் கதவு திறந்த காரில் மஞ்சள் டிக் தெரிந்தால், தயவுசெய்து குனிந்து பாருங்கள். ஒரு தகடாவது கோணலாக இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவேன்.