மூன்று ட்ரோன்களும் ஒருமனதாகச் சொன்னது

எங்கள் தோட்டத்தில் கமராக் கம்பங்கள் நட்டபோது ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் சின்னதாக ஒரு தகரக் கூரை போட்டார்கள். மழை பட்டால் கமரா கெட்டுவிடுமாம். உடப்புசல்லாவைப் பக்கத்து மழையைப் பற்றி, ஒழுகும் லய வீட்டில் சட்டி வைத்துப் படுக்கிற எங்களைக் கேட்டிருந்தால் விளக்கமாகச் சொல்லியிருப்போம். அந்தக் கூரைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அதே ஆராய்ச்சியில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு வயிற்றெரிச்சல் எல்லாம் ஒரு தடையா?

ஆராய்ச்சியை நடத்தியவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு பேராசிரியர். தேயிலை மலையில் வழுக்கி விழுந்தவர்களையும் பனிமூட்டத்தில் வழி தவறியவர்களையும் இயந்திரமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் கனவு. ஆள் எந்தப் பக்கம் போனார் என்று கம்பத்துக் கமராக்கள் சொல்லும். மூன்று ட்ரோன்கள் பறந்து போய்த் தேடும். ஒன்று பார்த்ததை மற்ற இரண்டுக்கும் சொல்லி, மூன்றும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வரும். எங்கள் கோயில் கமிட்டியில்கூட மூன்று பேர் அப்படிக் கலந்து பேசி நான் பார்த்ததில்லை.

படங்களில் கட்டம் போடுவது என் வேலை. ட்ரோன் எடுத்த படத்தில் ஆள் தெரியும் இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து, ‘ஆள்’ என்று குறிக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் இயந்திரம் மனுஷியையும் செடியையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ளும். முதுகில் கூடையோடு நிற்கிறவர்களைக் குறிப்பது சுலபம். குந்தியிருக்கிறவர்களும் கானில் ஓடுகிற தண்ணீரில் கால் கழுவுகிறவர்களும் வரப்பில் சாய்ந்து வெற்றிலை போடுகிறவர்களும் செடியோடு செடியாகத் தெரிந்தார்கள். எனக்குக் கண் வலித்தது. கூடையோடு நிற்கிறவர்களை மட்டும் குறித்தால் போதாதா என்று நான்தான் கேட்டேன். பேராசிரியருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. வேலையும் சீக்கிரம் முடியும், வேலை செய்கிறவர்களை மட்டும் எண்ணினால் தோட்ட நிர்வாகத்துக்கும் சந்தோஷம். கெட்டிக்காரப் பிள்ளை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மூன்று நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு, ஆராய்ச்சிக்கு உதவி செய்யும் பெரிய மனிதர்கள் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. அன்றைக்கு எல்லாம் நல்லபடியாக நடந்தால் என் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பேராசிரியர் சொன்னார். விழுந்து கிடப்பது போல நடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. தூறலில், அட்டைகளுக்கு நடுவே படுக்க யார் வருவார்கள்? என் அக்கா வந்தாள். அவள் கொழுந்து எடுத்துத்தான் நான் படித்தேன்.

“கீழ விழுந்தவ முதுகுல கூடை நிக்குமா புள்ள? கழட்டி வச்சிட்டே படுக்கிறேன்” என்றாள். நியாயமான பேச்சு. எனக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே உறைக்கவில்லை. அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு மலையேறிப் போனாள்.

பெரிய திரையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ட்ரோன்கள் அக்காவின் தலைக்கு மேலே போய் நின்றன. தேயிலைக்கு நடுவில் அவளுடைய சிவப்புச் சுவெட்டர் பளிச்சென்று தெரிந்தது. கை தெரிந்தது, முகம் தெரிந்தது. படத்துக்குக் கீழே பச்சை எழுத்தில் ‘ஆளில்லை’ என்று வந்தது. இரண்டாவது ட்ரோனும் ஆளில்லை என்றது. மூன்றாவதும் அதையே சொன்னது. வந்திருந்த அத்தனை கோட்டுக்காரர்களும் படத்தை விட்டுவிட்டு எழுத்தைப் படித்தார்கள். படித்தவர்கள் இல்லையா!

பேராசிரியரின் முகம் ஒரு நிமிடம் வெளுத்தது. அக்காவை அங்கே அனுப்பியவரே அவர்தான். ஆனால் அவர் இலேசுப்பட்டவரா? தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்று இயந்திரங்கள் தனித்தனியாகத் தேடி ஒரே முடிவுக்கு வந்திருப்பதைக் கவனியுங்கள், இந்த மலையில் யாரும் சிக்கியிருக்கவில்லை என்பது உறுதியாகிவிட்டது என்றார். கைதட்டினார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா எழுந்து வந்தால் எல்லாம் கெட்டுப்போகும். அவளோ வரமாட்டாள். கூப்பிடும்வரை அசையாதே என்று நானே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தூறல் மழையாகப் பிடித்துக்கொண்டது. விருந்தாளிகள் தோட்டத்துத் தொரையின் பங்களாவுக்குப் போய் ரோல்ஸ் சாப்பிட்டார்கள், எங்கள் தேயிலையின் வாசனையைப் புகழ்ந்தார்கள். கடைசி வாகனம் வளைவில் மறைந்த பிறகுதான் நான் மலைக்கு ஓடினேன்.

அப்படியே கிடந்தாள். கழுத்தில் அட்டை கடித்து இரத்தம் வழிந்திருந்தது. குளிரில் பல் தந்தியடித்தது.

“கண்டுபிடிச்சிருச்சா புள்ள?”

“கண்டுபிடிச்சிருச்சுக்கா.”

அந்த நடுக்கத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாரம் எனக்கு நிரந்தர வேலைக்கான கடிதமும் வந்தது. பேராசிரியர் கெட்டிக்காரர் என்றால் நான் அவருக்குக் கொஞ்சமும் குறைந்தவள் இல்லை.

சில நாள் கழித்து, கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போனேன். அக்கா நடுவில் நின்று பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எங்கயாச்சும் வழுக்கி விழுந்தா கத்திக் கத்தி உசுர விடாதீங்க. மேல பாத்துக்கிட்டு அசையாமப் படுத்திருங்க. அந்த மெசின் தேடி வந்துரும். என்னையக் கண்டுபிடிச்சுச்சுல்ல?”

புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் என் பக்கம் திரும்பினாள். “நீங்க அந்த ஆபீஸ்லதானே இருக்கீங்க? உண்மைதானுங்களா?”

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

“இல்லீங்க. அக்காவ அது கண்டுபிடிக்கல. கூடை இல்லாட்டி அதுக்கு நீங்க ஆளே இல்ல. நான்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தேன். விழுந்தா கத்துங்க. நல்லாச் சத்தம் போட்டுக் கத்துங்க.”

அக்கா கையிலிருந்த கொழுந்துச் சாக்கைக் கீழே வைத்தாள்.

“மெசினுக்குத் தெரியல, சரி. நான் அங்க கெடந்தேன்னு உனக்குத் தெரியும்ல? அவ்வளவு நேரம் நீ எங்க புள்ள இருந்த?”

“பங்களாவுல, அவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன்க்கா” என்றேன்.