டிரான்ஸ்பர் வந்த வருஷம்

டிரான்ஸ்பர் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது தூத்துக்குடியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தின் தையல் வகுப்பில்தான். மெல்லிய தாளில் பூவும் கொடியும் நீலக் கோடுகளாக அச்சாகி வரும். அதைத் துணிமேல் கவிழ்த்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினால் படம் துணிக்கு வந்துவிடும். அந்தத் தாளுக்குப் பெயர் டிரான்ஸ்பர். உலகச் சண்டை தொடங்கியதும் சீமையிலிருந்து அந்தத் தாள் வருவது நின்றுபோயிற்று. அதற்குள் எனக்கும் கல்யாணம் பேசிவிட்டார்கள்.

எனக்குப் பிறந்த ஊர் உடன்குடி. அப்பா கருப்பட்டி வியாபாரி. என்னைக் கட்டியவர் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டுக் கம்பெனியில் குமாஸ்தா. கடற்கரையை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் வேதக்காரக் குடும்பம், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அந்த வீட்டு அண்ணன் தோணித் தண்டல். அந்தக் காலத்தில் கரையருகே ஆழம் பத்தாது. பெரிய கப்பல்கள் கடலில் வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சுப் பொதியும் கருப்பட்டிச் சிப்பமும் தோணியில் போய்த்தான் கப்பலேறும். அப்படி ஒரு தோணியை நடத்துபவர் அவர்.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அவள் சிரித்தால் தெருமுனைவரை கேட்கும். குசினியில் மீன் கொதிக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏளா, கிண்ணத்தக் கொண்டா" என்று குரல் வரும். சண்டை முடிந்த வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பிள்ளை உண்டாகியிருந்தோம். அவளுக்கு அது மூன்றாவது, எனக்குத் தலைப்பிள்ளை. அவளுக்கு ஆண் பிறந்தது. கொஞ்ச நாளில் எனக்குப் பெண்.

பிள்ளை பிறந்த சூட்டோடு எனக்கு விஷக்காய்ச்சல் வந்துவிட்டது. பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பால்மாவு டப்பா எந்தக் கடையிலும் இல்லை. பசும்பாலைத் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சிச் சங்கில் புகட்டினால் அப்படியே கக்கிவிடும். துணைக்கு வந்திருந்த என் அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடியே இருப்பாள்.

ஒரு மத்தியானம் அக்கா வாசலில் வந்து நின்றாள். கட்டிலில் கிடந்தபடியே எனக்கு எல்லாம் கேட்டது.

"அம்மா, பிள்ளைய இங்கன தாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைக்குப் பால் இருக்கு."

அம்மா உள்ளே வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "வேதக்காரி பால குடிச்சு வளந்ததுன்னு தெரிஞ்சா ஊர்ல என்ன பேசுவாக?" என்று மெதுவாகக் கேட்டாள். பிள்ளையின் அழுகை அதற்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் சுருங்கிப்போயிருந்தது. அம்மா அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பிள்ளையை அக்கா கையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. பிள்ளை செத்துப்போனதோ என்று பயந்து நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "படுளா, குடிக்கா" என்றாள் அக்கா.

காய்ச்சல் விட்டபிறகும் எனக்குப் பால் ஊறவில்லை. அதனால் அது வழக்கமாகிவிட்டது. காலையில் பிள்ளை அந்த வீட்டுக்குப் போகும், வெயில் தாழத் திரும்பி வரும். அவள் மடியில் இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் இவள். முதலில் எனக்கு நிம்மதி. பிறகு, சொல்லத்தான் வேண்டும், பொறாமை. அக்கா குரலைக் கேட்டால் பிள்ளை என் இடுப்பிலிருந்து துள்ளும். நான் ஒருநாள் அழுததைப் பார்த்துவிட்டு, அன்றுமுதல் பிள்ளையைக் குளிப்பாட்டவோ பொட்டு வைக்கவோ அக்கா தொடவே இல்லை. "அதெல்லாம் அம்ம செய்யுத வேல" என்பாள்.

மகள் தவழத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், "டிரான்ஸ்பர் வந்திருக்கு. கொழும்பு கிளைக்கு" என்றார்.

சரக்கு அனுப்ப வந்திருந்த என் அப்பா அப்போது கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தாத்தா பேரில் கிடந்த பனங்காட்டுப் பட்டாவைத் தன் பேருக்கு மாற்றத் தாலுகா ஆபீசுக்கு அலைந்துகொண்டிருந்த மனிதர். அங்கே அதற்கும் டிரான்ஸ்பர் என்றுதான் பேச்சு. "ஆயிருச்சா? தாசில்தார் கையெழுத்துப் போட்டுட்டாரா?" என்று எழுந்தே விட்டார். விஷயம் புரிந்ததும் மறுபடி உட்கார்ந்து, "கடல் தாண்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். "அக்கா, இவுகளுக்கு டிரான்ஸ்பர் வந்திருக்கு."

"நல்லதுதான ஏளா. கப்பல் நிக்கி போல" என்றாள், கீரை ஆய்ந்துகொண்டே.

துறைமுகத்தில் தோணியிலிருந்து கப்பலுக்குச் சரக்கு மாற்றுவதைத்தான் டிரான்ஸ்பர் என்பார்கள். அவள் புருஷன் வாயில் தினமும் வரும் சொல். டிரான்ஸ்பர் உண்டென்றால் அவளுக்கு வீட்டில் அடுப்பெரியும் நாள். "சரக்கு இல்லக்கா. எங்களத்தான் மாத்துதாங்க. கொழும்புக்கு" என்றேன். அவள் கை நின்றுவிட்டது. பிள்ளைகள் இரண்டும் கீரைத் தண்டை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடி, "பல்லு மொளைக்கப் போவுது. சோத்துக் கஞ்சி குடுத்துப் பழக்கு" என்றாள்.

அன்றிலிருந்து அவளே பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் மறக்கப் பழக்கினாள். காலையில் மட்டும் என்று ஆக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிள்ளை அவள் சேலையைப் பிடித்து அழும்போது, அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

நாங்கள் கிளம்பிய அன்றைக்குப் பயணிகளைக் கொண்டுபோய் விடும் லாஞ்சு பழுதாகிக் கிடந்தது. தண்டல் அண்ணனின் தோணியில் போகச் சொன்னார்கள். வழியனுப்ப வந்த அக்கா, "நானும் வாரேன்" என்று தோணியில் காலை வைத்தாள். "பொம்பளைக்கு அங்கன என்ன சோலி?" என்று அண்ணன் சத்தம் போட்டார். அவள் காதில் வாங்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அது உடனே தூங்கிவிட்டது.

கப்பலை நெருங்க நெருங்கக் காற்று வலுத்தது. பக்கத்தில் போனபோது கப்பல் கறுப்புச் சுவராக நின்றது. அதில் ஓர் ஏணி தொங்கியது. தோணி ஏணிவரை எழும்பும், மறுகணம் ஆள் உயரத்துக்குக் கீழே போய்விடும். முதலில் என் வீட்டுக்காரர் ஏறி, அடிப்படியில் ஒதுங்கி நின்றார். அலை தூக்கிய நேரம் பார்த்து அண்ணன் என்னைத் தள்ளிவிட, நானும் ஏணியைப் பிடித்து அவரைத் தாண்டி மேலே ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பிள்ளை அக்காவிடம். எனக்குக் கீழ்ப்படியில் நின்றுகொண்டு அவர் கையை நீட்டினார்.

"பொறு... பொறு... இப்பம் குடு!" என்றார் அண்ணன்.

தோணி எழுந்தது. அவள் கையும் அவர் கையும் தொடும் தூரம். அவள் கொடுக்கவில்லை. தோணி இறங்கிவிட்டது. பிள்ளையை மார்போடு அணைத்தபடி அண்ணாந்து என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில், "நீங்களே வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிடுவேனோ என்றுகூட எனக்கு வந்தது.

"ஏளா, குடுளா!" அண்ணன் கத்தினார்.

அடுத்த அலைக்கு அவள் பிள்ளையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டு, இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தாள். கீழே நின்றவர் வாங்கி என்னிடம் நீட்ட, அது விழித்துக்கொண்டு அழுதது. நாங்கள் மேல்தளத்துக்குப் போய்ப் பார்த்தபோது தோணி திரும்பியிருந்தது. அக்கா கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பவே இல்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த செய்தியைக் கொழும்பில்தான் கேட்டோம். அடுத்த வருஷம் மறுபடி தூத்துக்குடிக்கே மாற்றினார்கள். அக்கா குடும்பம் அதற்குள் தருவைகுளம் போய்ச் சொந்தத் தோணி வைத்திருந்தது. அவளைப் பார்க்க நான் மகளோடு கிளம்பியபோது, கூப்பிடாமலே அம்மாவும் புறப்பட்டாள்.

மகள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அக்கா கூப்பிட்டும் போகவில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது. அக்கா சிரித்தாள், பழைய சிரிப்புத்தான். "பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்றவள், தன் மகனை இழுத்து முன்னே நிறுத்தினாள். "ஏலே, உன் பங்குப் பால குடிச்சவ இவதான்."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னமும் குடிப்பாளா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தோம்.

மத்தியானம் எனக்கும் மகளுக்கும் அக்கா இலை போட்டாள். அம்மா பிற வீட்டில் கைநனைக்காதவள் என்பதால் அவளுக்கு இளநீர் வெட்டி வைத்திருந்தாள். அம்மா இளநீரைத் தள்ளி வைத்தாள். தானே ஓர் இலையை எடுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோறு பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டபின் தலையை நிமிர்த்தாமலே, "மீன் கொழம்பு இன்னுங் கொஞ்சம் ஊத்து தாயி" என்றாள். அக்கா சட்டியை எடுத்துவரக் குசினிக்குள் போனாள். வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள்.